தீவுகளின் இளைஞரும் போதைப் பழக்கமும்

(ஃபீனிக்ஸ் பேயில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



இளைஞரிடையே பரவும் போதைப் பழக்கத்தால் உடல்நலத்திற்கும் சமுதாயத்திற்கும் விளையும் தீங்குகள் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன்; பொருளாதாரம் பயின்று அரசுப் பணியில் காலங்கழித்தவன். ஆகவே நோயாளியின் நாடியைப் பார்ப்பவனாக இல்லாமல், வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பவனாகவே இப்பொருளை அணுக இயலும். அதனால் கேடொன்றும் இல்லை என்று எண்ணுகிறேன். எந்த இடத்தில் இழப்பு மிகுதி, எந்த இடத்தில் நம் கவனம் மிகுதி என்று ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஓரிடத்தில் இல்லை என்பது புலனாகும். இன்றைய உரையின் சாரம் அதுதான்.

போதைப்பொருள் என்றதும் இத்தீவுகளில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கடல். 2019 செப்டம்பரில் கார் நிக்கோபார் தீவை ஒட்டிய கடற்பரப்பில் இந்தியக் கடலோரக் காவல் படையினர் மியான்மர் படகு ஒன்றை மடக்கி 1,160 கிலோ கெட்டமின் மருந்தைக் கைப்பற்றினர். 2024 நவம்பரில் பேரன் தீவுக்கு அருகே பிடிபட்ட மீன்பிடிப் படகில் ஏறத்தாழ 6,000 கிலோ மெத்தாம்பெட்டமைன் இருந்தது. அந்தப் படகில் இருந்த ஆறு பேரும் மியான்மர் நாட்டினர். கடலோரக் காவல் படையின் வரலாற்றிலேயே அதுவரை இவ்வளவு பெரிய பறிமுதல் நிகழ்ந்ததில்லை. மியான்மர், லாவோஸ், தாய்லாந்து எல்லைகள் கூடும் பகுதியில் உற்பத்தியாகும் சரக்கு தெற்கே செல்வதற்கு அந்தமான் கடல் ஒரு வழி. நம் தீவுகள் அந்த வழியின் ஓரத்தில் அமைந்திருக்கின்றன. அது புவியியல் நமக்கு அளித்த நிலை, மாற்றிக்கொள்ள இயலாதது.

இத்தகைய படகுகளிலிருந்து வீசப்பட்டோ தவறி விழுந்தோ கரை ஒதுங்கும் பொட்டலங்களைப் பற்றி இளைஞர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின்படி, மெத்தாம்பெட்டமைனைப் பொறுத்தவரை 2 கிராம் வரை சிறிய அளவு. 50 கிராமுக்கு மேற்பட்டது வணிக அளவு. வணிக அளவு வைத்திருப்பவருக்குக் குறைந்தது 10 ஆண்டுக் கடுங்காவல் தண்டனை உண்டு. 2024இல் பிடிபட்ட சரக்கு இரண்டு கிலோ பொட்டலங்களாகக் கட்டப்பட்டிருந்தது. அத்தகைய ஒரு பொட்டலத்தைக் கடற்கரையில் கண்டெடுத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லும் இளைஞன், வணிக அளவைப்போல் நாற்பது மடங்கைக் கையில் சுமந்து செல்கிறான். அதில் இருப்பது இன்னதென்று அவன் அறிந்திருந்தானா என்ற வழக்காடல் பின்னர் நடைபெறும். சிறைவாசமோ முன்னரே தொடங்கிவிடும். பொட்டலத்தைத் தொடாமல் காவல் நிலையத்திற்கோ கிராமத் தலைவருக்கோ தகவல் தருவதே செய்யத்தக்கது. இதைக் கரையோரப் பள்ளிகள் யாவற்றிலும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் எடுத்துக் கூறுவது நல்லது.

கரை ஒதுங்கிய பொருளால் இத்தீவுகள் முன்பே ஒரு பேரிழப்பைக் கண்டிருக்கின்றன. 2008 டிசம்பரில் லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக் பகுதியில் அலைகள் கொண்டுவந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கொள்கலனில் இருந்த திரவத்தை மது என்று எண்ணி ஓங்கி இனத்தவர் சிலர் அருந்தினர். எட்டு பேர் இறந்தனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓங்கி மக்களின் மொத்த எண்ணிக்கை 101. அவ்வளவு சிறிய சமுதாயத்தில் எட்டு உயிர்கள் என்பது என்ன விகிதம் என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். இங்கு ஒரு கேள்வி எழ வேண்டும்: காட்டையும் கடலையும் நம்பி வாழ்ந்த ஒரு மக்கள் கூட்டத்திற்கு, அடையாளம் தெரியாத திரவத்தை மதுவாகக் கருதும் வேட்கை எங்கிருந்து வந்தது? அது வெளியாரின் தொடர்பால் வந்தது. கைதிகள் குடியேற்றக் காலத்தில், 1863இல் தொடங்கப்பட்ட 'அந்தமான் இல்லங்கள்' வழியே கிரேட் அந்தமானியரைத் தம் பக்கம் ஈர்க்க ஆங்கிலேய நிர்வாகம் அளித்த பொருள்களில் புகையிலையும் ஒன்று. நோய்களும் பழக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில ஆயிரம் பேராக இருந்த அவ்வினத்தவரின் எண்ணிக்கை 2011இல் 44. அவர்களை அழித்தவற்றுள் தட்டம்மையும் பிற தொற்றுநோய்களுமே முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு சமுதாயத்தை வயப்படுத்தப் போதைப்பொருளைக் கூலியாகவும் பரிசாகவும் அளிக்கும் வழக்கம் இத்தீவுகளில் அரசு நிர்வாகத்தின் கையாலேயே தொடங்கிற்று என்பதை அலுவலர்களாகிய நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

அன்றாடக் கடையில் கிடைப்பவை

பறிமுதல் செய்திகள் நாளிதழின் முதற் பக்கத்தில் வருகின்றன. அவை வரவேண்டியவையே. ஆனால் இத்தீவுகளில் வளரும் ஒரு சிறுவன் முதன்முதலில் சந்திக்கும் போதைப்பொருள் மியான்மரிலிருந்து வருவதன்று. அது தெருமுனைப் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிறது. சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பல வீடுகளில் பாட்டியின் சுருக்குப்பையிலும் இருக்கிறது.

2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துவோர் அகில இந்திய அளவில் 38 சதவீதம். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 58.7 சதவீதம். பெண்களிடையே அகில இந்திய அளவு 8.9 சதவீதம், இங்கு 31.3 சதவீதம். மது அருந்தும் ஆண்கள் அகில இந்தியாவில் 18.8 சதவீதம்; இங்கு 38.8 சதவீதம். அதாவது ஆண்களின் மதுப் பழக்கம் நாட்டின் சராசரியைப்போல் இரு மடங்கு. பெண்களின் புகையிலைப் பழக்கம் மும்மடங்குக்கும் மேல். எழுத்தறிவில் நாட்டின் சராசரியைவிட வெகுவாக முன்னே நிற்கும் ஒரு நிலப்பகுதியில் இந்நிலை. 'கல்வி பெருகினால் பழக்கம் தானே குறையும்' என்று மேடைகளில் கூறப்படுவது உண்டு. இத்தீவுகளின் புள்ளிவிவரம் அதற்கு இடம் தரவில்லை.

இன்னொரு ஆய்வு இன்றைய பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இந்நகரில் இயங்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் பிறரும் இத்தீவுகளில் 18,018 பேரிடம் நடத்திய அந்த ஆய்வு 2012இல் வெளியாயிற்று. ஏறத்தாழப் பாதிப் பேர், அதாவது 48.9 சதவீதத்தினர், புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். பெரும்பாலோர் புகைப்பவர் அல்லர், மெல்லுபவர். புகையிலையைப் பயன்படுத்துவோரில் நான்கில் மூன்று பங்கினர் 21 வயதை எட்டுமுன் அப்பழக்கத்தைத் தொடங்கியவர்கள். அகில இந்திய அளவில், 13 முதல் 15 வயதுள்ள மாணவரிடையே 2019இல் எடுக்கப்பட்ட ஆய்வு மேலும் கவலை தருவது. பயன்படுத்தியவர்களில், சிகரெட்டை 38 சதவீதத்தினரும், பீடியை 47 சதவீதத்தினரும், மெல்லும் புகையிலையை 52 சதவீதத்தினரும் பத்து வயது நிறையுமுன்பே தொட்டிருக்கின்றனர்.

பத்து வயது என்பது நான்காம், ஐந்தாம் வகுப்பு. நம் விழிப்புணர்வுக் கூட்டங்களோ பெரும்பாலும் கல்லூரிகளில் நடக்கின்றன. இந்தக் கூட்டமும் அதற்கு விலக்கன்று.

பொருளாதார மாணவர்கள் இங்கு இருந்தால் அவர்களுக்காக ஒரு சொல். காரி பெக்கரும் கெவின் மர்பியும் 1988இல் வகுத்த ஒரு கோட்பாடு உண்டு. பழக்கத்திற்கு அடிமையாகிறவன் இன்றைய இன்பத்தையும் நாளைய துன்பத்தையும் எடைபோட்டுத் தேர்ந்தே அதில் இறங்குகிறான் என்பது அதன் கருத்து. கணித அழகு உடைய கோட்பாடுதான். விலை உயர்ந்தால் அடிமைப்பட்டவரும் நுகர்வைக் குறைப்பர் என்ற அதன் முடிவு நடைமுறையில் மெய்யாகவும் இருக்கிறது. ஆனால் பத்து வயதுச் சிறுவன் எந்த எடைக்கல்லை வைத்துத் தன் நாற்பதாம் வயதின் வாய்ப்புற்றை எடைபோடுவான்? நுகர்வோர் சுதந்திரம் என்ற வாதம் எல்லாவற்றுக்கும் அடியில் வயதுவந்த ஒரு நுகர்வோரைக் கற்பித்துக்கொள்கிறது. நம் கணக்கில் அப்படி ஒருவர் தொடக்கத்தில் இல்லவே இல்லை.

உடலில் நிகழ்வது

மனித மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதிகள் முன்னரே முதிர்ச்சி அடைகின்றன. அவ்வாசையை அடக்கித் தீர்மானம் செய்யும் முன்மூளைப் பகுதி ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த இடைவெளியே இளமைப் பருவம். வண்டியின் இயந்திரம் வேலை செய்கிறது, தடைக்கட்டை இன்னும் முழுமையாகப் பொருத்தப்படவில்லை. இந்நிலையில் உட்செல்லும் நிக்கோட்டினும் மதுவும் கஞ்சாவும் முதிர்ந்த மூளையில் ஏற்படுத்துவதைவிட ஆழமான தடத்தைப் பதிக்கின்றன. ஆகவேதான் பழக்கம் தொடங்கும் வயது எவ்வளவு குறைகிறதோ, பிற்காலத்தில் அடிமைத்தனம் அவ்வளவு கடுமையாக இருக்கிறது.

மெல்லும் புகையிலையோடு பாக்கும் சேரும்போது வாயின் உட்சதை இறுகி, வாய் திறக்கும் அளவு படிப்படியாகக் குறையும். இந்நோய் முற்றியவருக்கு உணவுக் கவளம் உள்ளே செல்வதே கடினம். அது வாய்ப்புற்றுக்கு முன்னோடியும் ஆகும். பாக்கு தனியாகவே புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2003இல் முடிவு செய்தது. இதைச் சொல்லும்போது அவையில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தாம்பூலம் நமக்கு மங்கலப் பொருள். கமுகு இத்தீவுகளின் முக்கியத் தோட்டப் பயிர். மங்கலத் தட்டில் வைப்பதை எவரும் தடுக்கவில்லை. அதைச் சிறுவனின் பள்ளிப் பைக்குள் சரப் பாக்கெட்டாக நுழைப்பது வேறு வணிகம்.

மெத்தாம்பெட்டமைன் செயல்படும் விதம் வேறு. அது மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை வெள்ளமெனப் பெருகச் செய்கிறது. உறக்கமும் பசியும் மறைகின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு யாரோ பின்தொடர்வதாகவும் எவரோ பேசுவதாகவும் மனமயக்கம் உண்டாகிறது, பற்கள் சிதைகின்றன, உடல் இளைக்கிறது. அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையானவர்க்குப் புப்ரினார்பின், மெத்தடோன் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன. மெத்தாம்பெட்டமைனுக்கு அவ்வாறு நிலைபெற்ற மாற்று மருந்து எதுவும் இல்லை. ஆலோசனையும் பொறுமையும் குடும்பத்தின் துணையுமே சிகிச்சை. வந்தபின் குணப்படுத்துவது இவ்வளவு கடினமாக இருப்பதால்தான் வருமுன் தடுப்பதற்கு இங்கு மதிப்பு அதிகம்.

சமூக நீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வில் ஒரு செய்தி தனித்து நிற்கிறது. மது, கஞ்சா, அபின் ஆகியவற்றைப் பயன்படுத்துவோரில் பெரியவர்களே மிகுதி. முகர்ந்து போதை கொள்ளும் பசை, மைநீக்கித் திரவம் முதலியவற்றில் மட்டும் இது தலைகீழ். பெரியவர்களில் 0.58 சதவீதம், சிறுவர்களில் 1.17 சதவீதம். எழுதுபொருள் கடையிலும் வன்பொருள் கடையிலும் சட்டப்படி கிடைப்பவை இவை. முதல் முறையிலேயே இதயம் நின்று உயிர் போவதும் உண்டு. இதைச் சுங்கத்துறையோ கடலோரக் காவல் படையோ தடுக்க இயலாது. கடைக்காரரும் ஆசிரியரும்தாம் தடுக்க வேண்டும்.

ஊசி வழியே போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தலையெடுத்தால் விளைவு எவ்வளவு விரைவில் வரும் என்பதற்கு மணிப்பூர் சான்று. அங்கே ஊசியால் போதை ஏற்றிக்கொள்வோரிடையே 1989-90இல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டபின், ஓராண்டுக்குள்ளாகவே ஏறத்தாழப் பாதிப் பேரை அது பற்றிக்கொண்டது.

குடும்பமும் கடையும்

சமுதாய விளைவுகள் என்றால் பொதுவாகக் குற்றம், வழிப்பறி, சாலை விபத்து என்று பட்டியலிடுவது வழக்கம். அவற்றைவிட அமைதியாக நிகழும் ஒன்றையே இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். தந்தைக்குச் சிகரெட்டும் பாட்டிக்குப் புகையிலையும் வாங்கிவர அனுப்பப்படுவது வீட்டின் சிறு பிள்ளை. 18 வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்திற்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிறுவர்க்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ தருவோருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் 'அப்பாவுக்காக வாங்குகிறேன்' என்று சிறுவன் சொன்னால் கடைக்காரருக்கு அதுவே உரிமச் சீட்டு ஆகிவிடுகிறது. சட்டத்தை மீறுவது கடைக்காரர்தான். வழி அமைத்துக் கொடுப்பது வீடு. மூன்றில் ஒரு பெண்ணுக்குப் புகையிலைப் பழக்கம் உள்ள ஒரு சமுதாயத்தில், 'அம்மா கண்டிக்க வேண்டும்' என்ற நம் சுவரொட்டி வாசகங்கள் எத்தனை வீடுகளில் எடுபடும் என்பதை அதிகாரிகள் சிந்திக்க வேண்டும்.

இத்தீவுகளுக்கே உரிய மற்றொரு நிலை உண்டு. கேம்பல் பேயிலிருந்தும் கார் நிக்கோபாரிலிருந்தும் ஹட் பேயிலிருந்தும் கல்லூரிப் படிப்புக்காக வரும் மாணவர்கள் இந்த ஃபீனிக்ஸ் பே துறையில்தான் வந்து இறங்குகிறார்கள். கேம்பல் பே இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம். பதினெட்டு வயதில் முதன்முறையாகக் குடும்பத்தைப் பிரிந்து, வாடகை அறையிலோ விடுதியிலோ தங்கி, வேறு மொழி பேசுவோரிடையே நண்பர்களைத் தேடிக்கொள்ள வேண்டிய கட்டாயம். நட்புக்கு விலையாக முதற் கோப்பை நீட்டப்படுவது இத்தகைய மாலைகளில்தான். விடுதிக் காப்பாளர் என்பவர் இரவு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குபவர் மட்டுமல்லர் என்பதை நம் பணி விதிகள் இன்னும் உணரவில்லை.

வருவாயும் இழப்பும்

புகையிலையும் மதுவும் அரசுக்கு வருவாய் தருகின்றன என்ற வாதத்தை எதிர்கொள்ளாமல் மேலே செல்ல இயலாது. 35 வயதுக்கு மேற்பட்டோரிடையே புகையிலையால் விளைந்த நோய்களுக்கும் அகால மரணங்களுக்கும் 2017-18இல் நாடு கொடுத்த விலை 1,77,341 கோடி ரூபாய் என ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்திற்குச் சற்று மேல். 2016-17இல் புகையிலையின் மூலம் கிடைத்த ஆயத்தீர்வை இத்தொகையில் எட்டில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. எட்டு ரூபாயை இழந்து ஒரு ரூபாயை ஈட்டும் கடையை எந்தத் தனிமனிதரும் திறந்து வைக்கமாட்டார். அரசு திறந்து வைப்பதற்குக் காரணம், ஈட்டும் ரூபாய் ஒரு துறையின் கணக்கிலும், இழக்கும் எட்டு ரூபாய் மக்களின் வீட்டுக் கணக்கிலும் மருத்துவமனைக் கணக்கிலும் சிதறிக் கிடப்பதே.

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் வாணிபக் கழகத்திடம் இருப்பது போலவே, இங்கும் மதுக்கடைகளை அந்தமான் நிக்கோபார் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. இதன் நன்மை தீமைகள் நெடிய விவாதம். அதில் நான் புகவில்லை. ஒன்று மட்டும் கூறலாம்: விற்பவர் அரசு ஊழியராக இருக்கும்போது, வயதுச் சான்றைப் பார்த்தபின் விற்கும் விதியைச் செயற்படுத்தப் புதிய சட்டமோ புதிய ஆய்வாளர் பதவியோ தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும், அதை எவரேனும் உண்மையில் சோதிக்கிறார்கள் என்ற அச்சமும் போதும்.

சிகிச்சையை நாடுவோர்

தேசிய ஆய்வின்படி மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற 37 பேர் ஏன் வரவில்லை? வெட்கம் ஒரு காரணம். 'இது நோயன்று, நடத்தைக் கேடு' என்ற எண்ணம் இரண்டாவது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அவர்கள் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியபோது, குடிப்பழக்கத்தைத் தனிச் சிகிச்சைக்குரிய நோயாகக் கருதும் மனநிலை நம்மிடையே அரிது. குடிப்பழக்கத்தால் கணவரை இழந்த துயரத்திலிருந்து அவர் அந்நிறுவனத்தை எழுப்பினார். நோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது அதன் சிறப்பு. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் மது, போதைப்பொருள் பழக்கத்தால் விளையும் மனநிலைகளை மனநோயின் இலக்கணத்திற்குள் சேர்த்திருக்கிறது.

சட்டவிரோதப் பொருள்களைப் பொறுத்தவரை மூன்றாவது காரணம் அச்சம். மருத்துவமனைக்குச் சென்றால் மகன்மீது வழக்கு வருமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர், அப்பழக்கத்திற்கு அடிமையானவராக இருந்து, தாமே முன்வந்து அரசின் அல்லது அரசு ஏற்பு பெற்ற மருத்துவமனையில் சிகிச்சையை நாடினால், அவர்மீது வழக்குத் தொடரப்படாது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. தண்டனைப் பிரிவுகளைத் தாங்கிய பலகைகளை நாம் துறைமுகங்களில் எல்லாம் நாட்டியிருக்கிறோம். இந்தப் பிரிவைச் சொல்லும் பலகை ஒன்றையும் நான் கண்டதில்லை.

தொலைவு இத்தீவுகளின் தனிக் காரணம். மனநல மருத்துவர் தலைநகரில் இருக்கிறார். நோயாளி கப்பலுக்குக் காத்திருக்கிறார். போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணும், 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணும் தீவுவாசிக்குக் கப்பல் சீட்டை மிச்சப்படுத்துபவை. டெலி மானஸ் சேவையில் தமிழிலும் பேசலாம். ஆனால் தொலைபேசி ஆலோசனைக்குப் பின் நேரில் தொடர்ந்து கவனிக்க அந்தந்தத் தீவிலேயே ஒருவர் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியருக்கு இப்பயிற்சியை அளிப்பது ஒரு மீட்பு நிலையக் கட்டடத்தைக் கட்டுவதைவிடச் செலவு குறைந்தது. கட்டடம் திறப்பு விழாவுக்கு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை.

மற்றொரு தீவின் அனுபவம்

வட அட்லாண்டிக் கடலில் ஐஸ்லாந்து என்ற தீவு நாடு இருக்கிறது. மக்கள்தொகை 2016இல் மூன்றேகால் லட்சத்தை ஒட்டியது. 2011இல் நம் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. செல்வத்தில் ஒப்பீடு இல்லை. அளவில் ஒப்பீடு உண்டு. 1998இல் அந்நாட்டின் 15, 16 வயதுச் சிறார்களில் 42 சதவீதத்தினர் முந்தைய ஒரு மாதத்தில் மது மயக்கத்தில் இருந்தவர்கள். 2016இல் அது 5 சதவீதம். நாள்தோறும் புகைப்போர் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தனர். கஞ்சாவைப் பயன்படுத்திப் பார்த்தவர் 17 சதவீதத்திலிருந்து 7 சதவீதம் ஆயினர்.

அவர்கள் செய்தது என்ன? அறிவுரை வகுப்புகளைப் பெரிதாக நம்பவில்லை. பள்ளி முடிந்தபின் இரவு உணவு வரையுள்ள நேரத்தை விளையாட்டு, இசை, நாட்டியம் ஆகியவற்றால் நிரப்பினர். அதற்கான கட்டணத்தைச் செலுத்தக் குடும்பங்களுக்கு நகராட்சிகள் மானியம் அளித்தன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் புகையிலையும் 20 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் மதுவும் வாங்க இயலாதவாறு சட்டம் செய்தனர். 13 முதல் 16 வயதுள்ளோர் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பின் வெளியே தனியே திரியலாகாது என்று விதித்தனர். ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் கூடித் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டனர். இந்த ஊரடங்கு விதி நம் சூழலுக்கு ஏற்றதென்று நான் கருதவில்லை. அதைக் காவல் துறையிடம் ஒப்படைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகளே முதலில் பிடிபடுவர். மற்றவை நம்மால் செய்யக்கூடியவை.

விளையாட்டில் இத்தீவு இளைஞரின் திறன் நிரூபிக்கப்பட வேண்டியதன்று. நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018இல் இளையோர் உலக மிதிவண்டிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். டெபோரா ஹெரோல்ட் ஆழிப்பேரலையில் உயிர் பிழைத்து நாட்டின் முன்னணி மிதிவண்டி வீராங்கனையாக உயர்ந்தார். ஆனால் பதக்கத்திற்கு ஆள் தேடும் திட்டம் வேறு. நான்கு மணி முதல் ஏழு மணி வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் தரும் திட்டம் வேறு. முதலாவதில் நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேர் தேர்வில் கழிக்கப்படுவர். நம் கவலைக்குரியவர்கள் பெரும்பாலும் அந்தத் தொண்ணூற்றெட்டுப் பேரில்தான் இருக்கிறார்கள். அலுவலக நேரம் முடிந்ததும் பள்ளி மைதானத்தின் கதவைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் வைக்கும் வழக்கத்தை நிறுத்துவதற்குத் திட்ட ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. ஒரு காவலாளியின் மூன்று மணி நேர மிகைநேர ஊதியம் தேவை.

ஐஸ்லாந்து செய்தவற்றுள் என் தொழிலுக்கு நெருக்கமானது மற்றொன்று. அவர்கள் தொடர்ந்து பள்ளி மாணவரிடம் பெயர் குறிப்பிடாத வினாத்தாள்களை அளித்து, முடிவுகளைச் சில வாரங்களுக்குள் அந்தந்தப் பள்ளிக்கும் வட்டாரத்திற்கும் திருப்பி அனுப்பினர். எந்தப் பள்ளியில் பழக்கம் ஏறுகிறது, எந்த வயதில் தொடங்குகிறது என்பது அவர்களுக்கு அவ்வப்போது தெரிந்தது. நம்மிடமோ தேசிய ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகின்றன. அவை யூனியன் பிரதேசம் முழுமைக்கும் ஒரே எண்ணைத் தருகின்றன. டிக்லிபூருக்கும் கேம்பல் பேக்கும் ஒரே எண் பொருந்தாது. 2020 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்ட போதையற்ற பாரத இயக்கத்தின் கீழ் நாம் அனுப்பும் அறிக்கைகளில் உறுதிமொழி ஏற்றோர் எண்ணிக்கை, பேரணியில் கலந்துகொண்டோர் எண்ணிக்கை ஆகியவை நிரம்பியிருக்கின்றன. இவை நம் உழைப்பின் அளவுகள். விளைவின் அளவு ஒன்றே ஒன்று: இத்தீவுகளின் சிறுவர்கள் எந்த வயதில் முதன்முதலாகத் தொடுகிறார்கள் என்பது. அந்த வயது பத்திலிருந்து பதினைந்துக்கு நகர்ந்தால் நம் செலவு பயன்பட்டது. நகராவிட்டால் பேரணிகள் எத்தனை நடந்தாலும் பயனில்லை.

ஆகவே கல்வித்துறை அலுவலர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை இது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே வினாத்தாள், எல்லாத் தீவுகளிலும். தாள் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் தெலுங்கிலும் நிக்கோபாரி மொழியிலும் அச்சிடப்பட வேண்டும். வகுப்பாசிரியர் அறையில் இருக்கலாகாது. வேற்றுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்து, உறைகளை ஒட்டி முத்திரையிட்டுச் சேகரிக்கட்டும். எந்தப் பள்ளியின் எண் கூடுதலாக இருக்கிறதோ அப்பள்ளியின் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பும் வழக்கம் இதில் கூடவே கூடாது. அனுப்பினால் அடுத்த ஆண்டு எல்லாப் பள்ளிகளிலும் எண் பூஜ்யமாக இருக்கும். தாளில் பெயருக்கோ வரிசை எண்ணுக்கோ இடம் விட வேண்டாம்.

கப்பலுக்குச் செல்ல வேண்டியவர்கள் சிலர் இருப்பதாகத் தலைவர் குறிப்பு அனுப்பியிருக்கிறார். மாணவர்களின் வினாக்களை முதலில் எடுத்துக்கொள்வோம்.